'ஓகே' சொல்வதற்கு முன்... கடை வைக்க நினைக்கும் தோழர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கணவனும் மனைவியும் நம்மைத் தேடி வந்தார்கள். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பால்வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிழைத்தவர்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாக ஆனதும், பட்டணத்து ஓரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறி, முறுக்குச் சுட்டு விற்றுக் காலந்தள்ளி வருகிறார்கள்.

அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையையும் ஒரு தாளையும் மேசைமேல் வைத்தார். பையைத் திறந்ததுமே எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. உள்ளே முறுக்குப் பொட்டலங்கள்.

"சார், இந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மினிமார்க்கெட்டுக்கு எரநூறு பாக்கெட்டு போட்டோம். மூணு மாசம் கழிச்சி எழுபத்து நாலு பாக்கெட்டுக்குத்தான் காசு கொடுத்தாங்க. மிச்சத்த அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க. கேட்டா, 'நீங்கதான் அன்னிக்கே ஓகேன்னீங்களே'ன்றாங்க."

தாளை வாங்கிப் பார்த்தோம். 'கன்சைன்மெண்ட்' என்று தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே கணவரின் கையெழுத்து.

"ஆமா சார், 'கன்சைன்மெண்ட்'னுதான் சொன்னாங்க. இவரு, ஏதோ 'சைன்' பண்ணச் சொல்றாங்க போலன்னு நெனச்சிப் போட்டுட்டாரு."

கணவர் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

தோழர்களே, 'கன்சைன்மெண்ட்' என்றால், "சரக்கை உங்கள் கடையில் வைக்கிறேன், விற்றால் விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், விற்காததைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அர்த்தம். பொட்டலம் ஒன்று மூன்றரை வெள்ளி என்று பேச்சு. இருநூறுக்கு 700 வெள்ளி வரும் என்று எண்ணிக் கடன் வாங்கி மாவும் எண்ணெயும் வாங்கியிருக்கிறார்கள். கைக்கு வந்ததோ 259 வெள்ளி. 126 பொட்டலம் குப்பைக்கு. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. தாளில் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு சொல் தெரியாமற் போனதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை 441 வெள்ளி!

ஆகவே இந்த வாரம், தொழில் தொடங்க நினைக்கும் தோழர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பார்ப்போம். பட்டம் வாங்குவதற்கான ஆங்கிலம் அல்ல இது. கைக்காசைக் காப்பாற்றிக்கொள்வதற்கான ஆங்கிலம்.

நமக்கா ஆங்கிலம் தெரியாது?

"நாம தோட்டத்து ஜனங்க, நமக்கு எங்க இங்கிலீஷ் வரப்போவுது?" என்று சொல்லும் தோழர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் நாம் ஓடிப்போய் நின்ற 'பெரட்டு' எந்தப் பாஷை? 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்தான். நாம் பிறந்து வளர்ந்த 'லயன்' வீடு, 'லைன்' என்பதன் திரிபு. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த 'டிரசர்', பேர் பதிந்த 'செக்ரோல்' எல்லாமே ஆங்கிலம்தான். 'மண்டோர்' என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய் வழியாக நம்மிடம் வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் இவற்றைப் படித்தோம்? சம்பளத்தோடும் வயிற்றோடும் ஒட்டியிருந்த சொற்கள் ஆனபடியால் தாமாகவே நாக்கில் ஏறிவிட்டன.

கொடுத்தவர்களும் நாம்தான். மலாய்க்காரர் முதலீட்டை 'மோடல்' என்கிறார்கள். அது நம்முடைய 'முதல்'. 'கெடாய்' என்கிறார்கள், அது நம்முடைய 'கடை'. வியாபாரத்துக்கு அடிப்படையான இரண்டு சொற்களை இந்த நாட்டுக்குக் கொடுத்த இனம், அந்தத் தொழிலைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் நாம் கடைக்கு முன்னால் நின்றவர்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் அல்லர். தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் பற்றுக் கணக்கு. கடைக்காரர் புத்தகத்தில் எழுதுவார். சம்பளத்தன்று அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருவோம். கணக்கைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. அந்தப் பழைய பழக்கம்தான் இன்றைக்கு 'ஓகே, ஓகே' என்று வாயில் வருகிறது. நம்மவர்கள் அதிகம் பேசும் ஆங்கிலச் சொல் அது. அதிகம் நஷ்டப்படுத்தும் சொல்லும் அதுவே.

1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஊழியர் சேமநிதிதான் தோட்டத்தை விட்டு வெளியேறும் பலருக்குக் கையிலிருக்கும் ஒரே முதல். முப்பது ஆண்டு வியர்வை அது. அதைப் போட்டுத் தொழில் செய்கிறவர், சொல்லின் பொருள் தெரியாமல் கையெழுத்துப் போடலாகாது.

முதல் படி: பதிவு

தொழில் தொடங்கியதும் முதலில் காதில் விழும் சொல் 'ரெஜிஸ்ட்ரேஷன்', அதாவது பதிவு. தீபகற்ப மலேசியாவில் 1956 ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். 2002 முதல் இந்த வேலையைக் கவனிப்பது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. 'முருகன் டிரேடிங்' என்பது போல் கடைப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அறுபது வெள்ளிக்குச் சோம்பல்பட்டு யாரும் இந்தத் தொல்லையை விலைக்கு வாங்கவேண்டாம்.

பதியும்போது கேட்பார்கள்: 'சோல் புரொப்ரைட்டரா, பார்ட்னர்ஷிப்பா?'

'சோல் புரொப்ரைட்டர்' என்றால் தனி உரிமையாளர். லாபமும் உங்களுக்கே, கடனும் உங்களுக்கே.

'பார்ட்னர்ஷிப்' என்றால் கூட்டுத் தொழில். இங்கேதான் கவனம் வேண்டும். 'பார்ட்னர்' என்றால் கூட்டாளி, சினேகிதன் என்று மட்டும் நினைத்து, மைத்துனனோ தோழனோ கேட்டதும் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். 1961 ஆம் ஆண்டின் கூட்டுத்தொழில் சட்டப்படி, தொழிலின் பேரில் ஏற்படும் கடனுக்குக் கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்தே பொறுப்பு. புல்வெட்டும் குத்தகைக்காக இரண்டு பேர் சேர்ந்து 12,000 வெள்ளிக்கு இயந்திரங்களைக் கடனில் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், "என் பங்கு ஆறாயிரம்தான்" என்று மற்றவர் சொல்லித் தப்ப முடியாது. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் இவரிடமே கேட்கலாம். ஆக, 'பார்ட்னர்' என்பதற்கு நாம் எழுதிக்கொள்ள வேண்டிய தமிழ் 'லாபத்துக்கும் கடனுக்கும் கூட்டாளி' என்பதுதான்.

'செண்டிரியான் பெர்ஹாட்' என்பது கம்பெனி. அதன் கடன் பொதுவாக அந்தக் கம்பெனியைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் செயலாளர் வேண்டும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் வேண்டும், செலவு அதிகம். முறுக்கு வியாபாரத்துக்கும் ஒட்டுக்கடைக்கும் ஆரம்பத்தில் அது தேவைப்படாது.

அடுத்து 'லைசென்ஸ்'. "ரெஜிஸ்டர் பண்ணியாச்சி, இனி யாரு என்ன கேக்கறது?" என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவு வேறு, லைசென்ஸ் வேறு. கடை வைக்கும் இடத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த ஊராட்சி மன்றம் அல்லது நகராண்மைக் கழகம். உணவு விற்கிறவர்கள் 2009 ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். டைஃபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் மலாய் மொழி கட்டாயம்.

இரண்டாம் படி: இடம்

கடைக்கு இடம் பார்க்கப் போகிறோம். வாடகை 900 வெள்ளி என்கிறார்கள். 900 வெள்ளியோடு போனால் சாவி கிடைக்காது. அங்கே சில சொற்கள் வரிசையாக வரும்.

'செக்யூரிட்டி டெப்போசிட்': பிணைப் பணம். வழக்கத்தில் இரண்டு மாத வாடகை, 1,800 வெள்ளி.

'யூட்டிலிட்டி டெப்போசிட்': தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கான பிணைப் பணம். பெரும்பாலும் அரை மாத வாடகை, 450 வெள்ளி.

'அட்வான்ஸ் ரெண்டல்': முதல் மாத வாடகை முன்பணமாக, 900 வெள்ளி.

ஆக மொத்தம் 3,150 வெள்ளி. கதவைத் திறப்பதற்கு முன்னரே இவ்வளவும் போய்விடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கிற பணம் எல்லாவற்றையும் சரக்குக்கென்று ஒதுக்கிவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு.

இங்கே உயிர்நாடியான சொல் ஒன்று: 'ரீஃபண்டபிள்'. திருப்பிக் கிடைக்கும் என்று பொருள். அதன் முன்னால் 'நோன்' என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால், 'நோன்-ரீஃபண்டபிள்', போன பணம் போனதுதான். பால்மரத்தில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும் என்று நமக்குத் தெரியும். அந்த 'நோன்' அப்படிப்பட்ட ஒரு நூல்தான். டெப்போசிட் என்ற சொல்லைக் கண்டால், பக்கத்தில் 'நோன்' இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

'டெனன்சி அக்ரிமெண்ட்' என்பது வாடகை ஒப்பந்தம். வாயால் பேசியது பத்தாது. எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வையும் கட்டவேண்டும். அதன் பிரதி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது அவசியம்.

மூன்றாம் படி: சரக்கு வாங்குதல்

மொத்தக் கடைக்காரரிடம் சரக்கு எடுக்கும்போது நான்கு தாள்கள் நம் கைக்கு வரும். நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நான்கும் வேறு வேறு.

'கொட்டேஷன்': விலைப்புள்ளி. "இந்த விலைக்குத் தருகிறேன்" என்ற தகவல். மலாயில் 'செபுட் ஹர்கா'. இதைக் கேட்பதற்குக் காசு இல்லை. இரண்டு மூன்று கடையில் கேட்டு ஒத்துப் பாருங்கள்.

'டெலிவரி ஆர்டர்', சுருக்கமாக 'டி.ஓ.': சரக்கு இறக்கியதற்கான சீட்டு. லோரிக்காரர் அவசரப்படுத்துவார். "சைன் பண்ணு அண்ணே, இன்னும் நாலு கடை போவணும்" என்பார். அதில் 'ரிசீவ்ட் இன் குட் ஆர்டர் அண்ட் கண்டிஷன்' என்று அச்சடித்திருக்கும். "சரக்கு சரியாக, நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்று நீங்களே எழுதிக்கொடுப்பதாக அதற்கு அர்த்தம். எண்ணிப் பார்த்து, குறைந்தாலோ உடைந்தாலோ அதே சீட்டில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்தும் சாப்பும் போட வேண்டும்.

'இன்வாய்ஸ்': கொடுக்க வேண்டிய தொகையைக் காட்டும் பட்டியல்.

'ரிசிப்ட்': பணம் செலுத்தியதற்கான அத்தாட்சி. மலாயில் 'ரெசிட்'.

இன்வாய்ஸையும் ரிசிப்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இன்வாய்ஸ் கையில் இருந்தால் நீங்கள் பணம் கட்டவேண்டும் என்றுதான் தெரியும். ரிசிப்ட் இருந்தால்தான் கட்டிவிட்டதாக ஆகும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரிசிப்ட் வாங்காமல் வந்தவர், பிறகு இன்வாய்ஸை நீட்டிக் கேட்டால் வாயடைத்துப் போக வேண்டியதுதான். இப்போது கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம். அனுப்பியதும் வரும் சீட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள்.

'கிரெடிட் டெர்ம் 30 டேய்ஸ்' என்றால் 30 நாள் கடன் தவணை. நாள் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணுவார்கள். 'பேலன்ஸ்' என்றால் மீதி. மலாயில் 'பாக்கி', நமக்கும் பாக்கிதான். இந்த ஒரு சொல்லை மட்டும் நாம் யாரிடமும் படிக்கத் தேவையில்லை!

நான்காம் படி: விற்பனை

விற்கும்போது நாம் தெரிந்துகொள்ள வேண்டியது 'மார்ஜின்', 'மார்க் அப்' ஆகிய இரண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல.

முறுக்குக் கதைக்கே வருவோம். "எங்களுக்கு 30 பெர்சென்ட் மார்ஜின்" என்றார் கடைக்காரர். மார்ஜின் என்பது விற்கும் விலையில் இத்தனை பங்கு. பொட்டலம் 5 வெள்ளிக்கு விற்றால் 30 பெர்சென்ட் என்பது ஒன்றரை வெள்ளி; அது கடைக்கு. நமக்கு மூன்றரை வெள்ளி. 'மார்க் அப்' என்பது வாங்கிய விலையின்மேல் ஏற்றுவது. மூன்றரை வெள்ளியின்மேல் 30 பெர்சென்ட் ஏற்றினால் விலை 4 வெள்ளி 55 காசுதான். அதே முப்பதுதான், ஆனால் ஒரு பொட்டலத்தில் 45 காசு வித்தியாசம். ஆயிரம் பொட்டலத்தில் 450 வெள்ளி! எந்த முப்பது என்று கேட்காமல் விலை பேசலாகாது.

'கேஷ் ஆன் டெலிவரி', சுருக்கமாக 'சி.ஓ.டி.' என்றால் சரக்கைக் கொடுத்ததும் காசு. இதற்கு நேர் எதிரானது 'கன்சைன்மெண்ட்'. கன்சைன்மெண்ட் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பெரிய கடைகளில் புதியவரின் சரக்கை அப்படித்தான் முதலில் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. இருநூறு வைக்காமல் இருபது வையுங்கள். வாரம் ஒருமுறை போய் எண்ணிப் பாருங்கள். 'எக்ஸ்பயரி டேட்' நெருங்குமுன் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை பணம் என்பதைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கடன்

'லோன்' எல்லாருக்கும் தெரியும். 'இன்ஸ்டால்மெண்ட்' என்கிற தவணையும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வது 'கேரண்டர்' என்ற சொல்லில். மலாயில் 'பெஞ்சாமின்', தமிழில் பிணையாளர்.

"சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துண்ணே, ஒனக்கு ஒண்ணும் வராது" என்பார்கள். சாட்சி வேறு, பிணை வேறு. சாட்சி என்பதற்கு ஆங்கிலம் 'விட்னஸ்'. கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்பவர் அவர். 'கேரண்டர்' என்பவரோ, வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்பவர். உங்கள் பெயர் எழுதும் கோட்டின் கீழே எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 'விட்னஸ்' என்றிருக்கிறதா, 'கேரண்டர்' என்றிருக்கிறதா? அந்த ஒரு சொல்லில் வீடும் சேமிப்பும் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்று: எழுதாத வெற்றுத்தாளில், எந்த மொழியானாலும், எவர் கேட்டாலும் கையெழுத்துப் போடலாகாது. அடையாளக் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் பிடித்து வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் 'ஆலோங்' பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம்.

பேசிப் பழக ஏழு வாக்கியங்கள்

சொல் தெரிந்தால் மட்டும் போதாது. வாய் திறந்து கேட்கவும் தெரிய வேண்டும். கீழே உள்ள ஏழையும் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

1. ஹவ் மச் இஃப் ஐ டேக் டென் கார்ட்டன்ஸ்? – பத்துப் பெட்டி எடுத்தால் என்ன விலை?

2. கேன் யூ கிவ் மீ எ கொட்டேஷன்? – விலைப்புள்ளி எழுதித் தருவீர்களா?

3. இஸ் தி டெப்போசிட் ரீஃபண்டபிள்? – பிணைப் பணம் திரும்பக் கிடைக்குமா?

4. இஸ் இட் கேஷ் ஆர் கன்சைன்மெண்ட்? – உடனே காசா, விற்ற பிறகா?

5. வென் வில் யூ பே? – எப்போது பணம் கொடுப்பீர்கள்?

6. ப்ளீஸ் கிவ் மீ எ காப்பி. – எனக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

7. ஐ வில் ரீட் ஃபர்ஸ்ட். ஐ வில் சைன் டுமாரோ. – முதலில் படித்துப் பார்க்கிறேன். நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏழையும் படிக்க முடியாவிட்டால் ஏழாவதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நேர்மையான வியாபாரி நாளை வரை பொறுப்பார். பொறுக்க மாட்டேன் என்கிறவரிடம் நமக்கு வியாபாரமே வேண்டாம். இலக்கணம் தப்பிவிடுமோ என்று கூச்சப்படாதீர்கள். இந்த நாட்டில் சீன முதலாளியும் மலாய்க்கார அதிகாரியும் நாமும் பேசுவது கலப்பு மொழிதான். "போஸ், டெப்போசிட் போலே ரீஃபண்ட் கா?" என்று கேட்டாலும் பதில் வரும். கேட்காமல் இருந்தால்தான் ஒன்றும் வராது.

எப்படிப் படிப்பது?

அகராதி வாங்கி முதல் எழுத்திலிருந்து தொடங்கவேண்டாம். ஒரு வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் காதில் விழுந்த ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்திலேயே. அடுத்ததில் மலாய். மூன்றாவதில் தமிழ்ப் பொருள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். மாதம் முடிவதற்குள் தொண்ணூறு சொல் சேர்ந்துவிடும். ஒரு சிறு கடைக்கு அதுவே தாராளம்.

வீட்டில் பழைய பில், இன்வாய்ஸ், மின்சாரக் கட்டணச் சீட்டு எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலமும் ஒரு பாடம்தான். அப்பாவுக்கு நோட்டும் நிரம்பும், பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கமும் வரும். பிள்ளையிடம் கேட்பது வெட்கமல்ல. கடன்காரன் வாசலில் நிற்பதைப் பிள்ளை பார்ப்பதுதான் வெட்கம்.

கணவனும் மனைவியும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவர் கடைக்காரராக, ஒருவர் வாங்குபவராகப் பேசிப் பார்க்கலாம். முதல் இரண்டு நாள் சிரிப்பு வரும். மூன்றாம் நாள் பேச்சு வரும்.

அந்தத் தம்பதி...

நம்மிடம் வந்த தம்பதியோடு அன்றைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தாளை வரிவரியாகப் படித்தோம். அந்த அம்மாள் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதிக்கொண்டார். கணவர் அதுவரை பேசாதிருந்தவர், எழுந்து போகும்போது, "இருபது வருஷமா செக்ரோல்ல கையெழுத்துப் போட்டவன்தான் சார். அப்பவும் என்ன எழுதியிருக்குன்னு கேட்டதில்ல" என்றார். நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

போன வாரம் தொலைபேசியில் அந்த அம்மாள் அழைத்தார். மினிமார்க்கெட்டில் இப்போது இருபது பொட்டலம்தான் வைக்கிறார்களாம். சனிக்கிழமைதோறும் போய் எண்ணுகிறார்களாம். பக்கத்துத் தாமானில் இரண்டு மளிகைக் கடைகள் உடனே காசு கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. பழைய கடனில் இன்னும் பாதி இருக்கிறது. "அத மெதுவாக் கட்டிடலாம் சார். இன்னொரு கடைக்காரரு நேத்து ஒரு காயிதத்த நீட்டினாரு. நா வாங்கிப் பையில வச்சிக்கிட்டு, 'டுமாரோ'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதப் படிச்சிக் காட்டத்தான் கூப்புட்டேன்" என்றார்.

அந்த அம்மாளைப் போல், புரியாத தாள் கைக்கு வந்தால் 'டுமாரோ' என்று சொல்லிவிட்டு வாருங்கள், தோழர்களே! தொழில் தாளில் புரியாத சொல் எது இருந்தாலும் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம், கடை வரவு செலவுக் கணக்கில் வரும் சொற்களைப் பார்ப்போம்.